கடமையும் கண்காணிப்பும்

மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிருந்து வேண்டுவன செய்பவன் என்பன அவை. இந்நான்காமவனை உழைச்செல்வான் என்கிறார். உழை என்பது இங்கே பக்கம் என்னும் பொருளது. வைத்தியனுக்கு ஒரு பங்கும் உழைச்செல்வானுக்கு அரைப் பங்கும் என்று அவர் பிரிக்கவில்லை. நால்வகையுள் ஒருவகையாக ஒரே வரிசையில் நிறுத்துகிறார். உரை கண்ட பரிமேலழகர் இன்னும் ஒருபடி சென்று, இவனுக்கு வேண்டிய இயல்புகளையும் நான்காக எண்ணுகிறார். நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் திறன், அறிவு என்பன அவர் கருத்து. ஊதியத்தைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. அக்காலத்து உரையாசிரியர் ஒருவரிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று.

இந்நான்கினுள் மூன்றாவதாகிய சொன்னதைச் செய்தலை மட்டும் பிரித்தெடுத்து, அதனை அளப்பதற்குக் கருவிகளையும் படிவங்களையும் ஆயிரக்கணக்கில் ஆக்கி, மற்ற மூன்றையும் பணியாளரின் சொந்தச் செலவில் விட்டுவிட்ட ஒரு தொழிற்றுறை இன்று உலகில் வளர்ந்துள்ளது. முதியோரையும் நோயாளரையும் அவரவர் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் துறை அது. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இதில் உழைக்கின்றனர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். கறுப்பினத்தாரும் குடியேறியோரும் அவர்களுள் மிகுதி. குளிப்பாட்டுதல், உடைமாற்றுதல், உணவூட்டுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுதல், மலசலம் கழிக்க உதவுதல் என்பன அவர்தம் அன்றாடக் கருமங்கள். இவர்களை வேலைக்கு அமர்த்தி வீடுகளுக்கு அனுப்பும் தாபனங்கள் பல. செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே, முக்கியமாக வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டத்தின் வழியாகக் கொடுக்கிறது.

இத்தாபனங்களை நடத்துவோர் கூடுமிடமெல்லாம் இரண்டு முறைப்பாடுகளைக் கேட்கலாம். பயிற்றிய பணியாளர் நிலைத்து நிற்பதில்லை என்பது ஒன்று. விதிகள் பெருத்துவிட்டன, அவற்றுக்கு அமையப் பணியாளரை ஒழுகச் செய்வது பெரும்பாடாய் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இவை நிர்வாகப் பிரச்சினைகள் மட்டுமல்ல. ஒருவரை விதிக்குக் கீழ்ப்படியுமாறு கேட்பதற்கு எமக்குள்ள அறவுரிமை எங்கிருந்து வருகிறது என்னும் பழைய வினா இவற்றின் அடியிற் கிடக்கிறது. அவ்வினாவுக்கு விடை காணச் சட்டத்தின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியையும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் உறுதிசெய்த உழைப்புத் தரச் சட்டம் 1938இல் வந்தது. தொழிலாளர் இயக்கத்தின் வெற்றிகளுள் அது தலையாயது. ஆனால் வீட்டு வேலை செய்வோரும் பண்ணைத் தொழிலாளரும் அதன் வேலிக்கு வெளியே நின்றனர். தென் மாநிலங்களில் இவ்விரு தொழில்களிலும் நிறைந்திருந்தோர் கறுப்பின மக்கள் என்பதை நினைவிற் கொண்டால், வேலி ஏன் அவ்விடத்திற் போடப்பட்டது என்பது விளங்கும். 36 ஆண்டுகள் கழித்து, 1974இல், வீட்டுப் பணியாளரும் அச்சட்டத்துள் கொண்டுவரப்பட்டனர். அப்போதும் ஒரு வாயில் திறந்தே விடப்பட்டது. முதியோருக்கும் நோயாளருக்கும் 'துணையிருப்போர்' இச்சட்டத்துள் அடங்கார் என்றனர். மாலைப் பொழுதில் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் போல, இடையிடையே வந்து பேச்சுத்துணையாய் இருந்து செல்பவரை மனத்திற்கொண்டு எழுதிய வாசகம் அது. அடுத்த ஆண்டு தொழில் திணைக்களம் இயற்றிய விதியோ, இலாபம் கருதி நடக்கும் தாபனங்களின் பணியாளருக்கும் அவ்விலக்கை நீட்டிவிட்டது. துணையிருத்தல் என்னும் இனிய சொல் ஒரு பெருந்தொழிலின் கூலிப் பட்டியலைக் குறைக்கும் கத்திரிக்கோலாக மாறியது இவ்வாறுதான்.

ஜமேய்க்காவிலிருந்து குடியேறிய எவலின் கோக் என்னும் பெண் இவ்வாசகத்தோடு மோதினார். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பராமரிப்புத் தாபனத்தின்கீழ் நெடுங்காலம் உழைத்தவர் அவர். வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்குரிய மேலதிகக் கொடுப்பனவு தமக்குத் தரப்படவில்லை என 2002இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அவருக்கு எதிராகத் தீர்த்தனர். திணைக்களத்தின் விதி செல்லுபடியாகும் என்பதே தீர்ப்பின் சாரம். விதி நேர்மையானதா என்னும் வினா நீதிமன்றத்தின் முன் இருக்கவில்லை. கோக் அம்மையார் 2009இல் மறைந்தார். 2013இல் விதி திருத்தப்பட்டு 2015இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தாபனங்கள் தம் பணியாளரைத் துணையிருப்போர் என்று கூறித் தப்பமுடியாது போயிற்று.

கூலியைக் கணக்கிடும் வேளையில் இவர்களுடைய வேலை வேலையாகத் தோன்றாமைக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. நியூயோர்க்கில் நோயாளியின் வீட்டில் 24 மணித்தியாலம் தொடர்ந்து தங்கிப் பணிசெய்வோருக்கு 13 மணித்தியாலக் கூலி கொடுத்தாற் போதும் என்பது ஒரு விதி. எட்டு மணித்தியாலம் உறக்கம், மூன்று மணித்தியாலம் உணவு என்று பதினொன்று கழிக்கப்படுகிறது. உறக்கத்தில் ஐந்து மணித்தியாலமாவது இடையறாது கிடைத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டு. இரவில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிற் புண் வரும் என்ற நிலையிலுள்ள ஒரு கிழவியின் அறையில், இடையறாத ஐந்து மணித்தியால உறக்கம் யாருக்குக் கிடைக்கும்? 2019இல் அம்மாநிலத்தின் மேல்நீதிமன்றம் அவ்விதியை ஏற்புடையதென்றே தீர்த்தது. ஓய்வு கிடைக்கவில்லை என்பதை மெய்ப்பிக்கும் பாரம் பெரும்பாலும் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம். மெடிக்கெயார் திட்டத்தின் பணத்தைப் பெறும் வீட்டுச் சுகாதாரத் தாபனங்களின் உதவியாளர்கள் குறைந்தது 75 மணித்தியாலப் பயிற்சி பெறல் வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதில் 16 மணித்தியாலமாவது தாதி ஒருவரின் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சியாக அமைதல் வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் 12 மணித்தியாலம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கின்றன. ஆனால் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் முதலிய உடல்சார்ந்த உதவிகளை மட்டும் செய்யும் தனிப்பராமரிப்புப் பணியாளருக்கு நாடு தழுவிய பயிற்சித் தரம் என்று ஒன்றுமே இல்லை. இருவரும் செல்வது ஒரே வகையான வீடுகளுக்கு. தூக்குவது ஒரே எடையுள்ள உடல்களை. பணம் எத்திட்டத்திலிருந்து வருகிறது என்பதே ஒருத்தியைப் பயிற்சிக்கு உரியவளாகவும் மற்றொருத்தியை உரியவளல்லாதவளாகவும் ஆக்குகிறது.

75 மணித்தியாலம் என்பது என்ன? எமது பாடசாலைக் கணக்கில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் எனக் கொண்டால் இரண்டரை வாரம். அதற்குள் நாடித்துடிப்பும் சுவாசமும் எண்ணப் பழகவேண்டும். தொற்றைத் தடுக்கும் முறை, மெலிந்த உடலை எலும்பு முறியாமலும் தன் முதுகு முறியாமலும் தூக்கும் முறை, விழுங்க முடியாதவருக்கு உணவூட்டும் முறை ஆகியவற்றையும் கற்கவேண்டும். எல்லாவற்றிலும் அரிதானது பார்க்கப் பழகுதல். குதிக்காலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு. பயிற்சியில்லாத கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. பயின்ற கண்ணுக்கு அது படுக்கைப்புண்ணின் முதல் எழுத்து. அன்று கண்டு எடையை விலக்கினால் சில நாட்களில் மறையும். காணாது விட்டால் எலும்பு வரை செல்லும். கறுத்த தோலில் அச்சிவப்பும் தெரியாது. வெப்பத்தையும் தடிப்பையும் தொட்டுத்தான் அறியவேண்டும். பரிமேலழகர் நான்காவதாக அறிவு என்றாரே, அது இதுதான். இவ்வறிவைப் படம் காட்டும் திரையொன்றின் முன் தனியே உட்கார்ந்து, கீழே உள்ள விடைகளுள் ஒன்றைத் தொட்டுவிட்டு எழுந்து போவதாற் பெறமுடியாது. ஆண்டுக்கு 12 மணித்தியாலம் பல இடங்களில் இவ்வாறே கழிகிறது. வேலை முடிந்து களைத்த இரவில், தாய்மொழியல்லாத மொழியில், ஒரு சான்றிதழுக்காக.

பயிற்றினால் போய்விடுகிறார்களே என்கின்றனர் முதலாளிமார். கூலி உயராத, ஏணிப்படி இல்லாத ஒரு வேலையில் பயின்றவளும் பயிலாதவளும் பெறுவது ஏறக்குறைய ஒன்றே. இவ்வாறிருக்க, சில்லறைக் கடையொன்று சிறிது கூடுதலாகக் கொடுத்தால் அவள் அங்கே போவது நன்றிகேடா? பயிற்சிக்குச் செலவிட்ட பணம் வீணாகிறது என்பவர், அவளோடு வெளியேறும் அனுபவத்துக்கு ஒருநாளும் விலை போட்டதில்லை. ஒரு முதியவர் தண்ணீரைச் சிறு கரண்டியாற் கொடுத்தால்தான் குடிப்பார் என்பதையும், அவர் மனைவியின் பெயரைச் சொன்னால்தான் எழுந்திருப்பார் என்பதையும் அறிந்தவள் போய்விடுகிறாள். அடுத்தவள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பொருளுற்பத்தி செய்யும் தொழிலாளி போனாற் பொருளாவது எஞ்சும். இங்கே உழைப்பு எஞ்சுவது மற்றொருவரின் உடலிலும் நினைவிலும். அதனைக் கணக்குப் புத்தகம் காண்பதில்லை.

கண்காணிப்பின் பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. 2016இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று, மெடிக்கெயிட் பணத்தில் நடக்கும் வீட்டு வருகை ஒவ்வொன்றையும் மின்னியல் முறையிற் பதியவேண்டும் என்றது. எவ்வகைச் சேவை, யாருக்கு, யாரால், எந்நாள், எவ்விடம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்னும் ஆறு விவரங்கள் வேண்டும். தனிப்பராமரிப்புக்கு 2020இலும் வீட்டுச் சுகாதாரச் சேவைக்கு 2023இலும் இது கட்டாயமாயிற்று. பெரும்பாலும் பணியாளரின் கைத்தொலைபேசியே இதற்குக் கருவி. பலரிடத்து அத்தொலைபேசியும் அவர்தம் சொந்தக் காசில் வாங்கியது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். கூலி கேட்டபோது, நீ செய்வது துணையிருத்தல், உன் நேரத்தை அளக்கவியலாது என்றது ஒரு சட்டம். கண்காணிக்க விரும்பியபோது, உன் நேரத்தை நிமிடம் நிமிடமாக அளப்போம் என்றது மற்றொரு சட்டம். ஒரே பெண், ஒரே வீடு, ஒரே வேலை. அவள் பெறவேண்டியதைக் கணக்கிடுகையில் குடும்பத்தவள் போலாகிறாள். கொடுக்கவேண்டியதைக் கணக்கிடுகையில் சந்தேகத்துக்குரிய கூலியாள் ஆகிறாள்.

கண்காணிப்பே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. போகாத வீட்டுக்குப் போனதாகக் கணக்கெழுதிப் பொதுப்பணத்தைச் சுருட்டியோர் உண்டு. அவர்களுட் பணியாளரும் உண்டு, தாபனத்தாரும் உண்டு. பூட்டிய வீட்டுக்குள், பேச்சிழந்த முதியவர் ஒருவருக்குக் கொடுமை இழைத்தால் சாட்சி யார்? பலவீனமானவரின் பாதுகாப்புக்கு விதி வேண்டும் என்பதை உழைப்பாளர் பக்கம் நிற்பவர் மறுத்தல் கூடாது. ஆறு விவரங்களைப் பதியும் கருவி அவள் வந்தாள், போனாள் என்பதைக் காட்டும். தண்ணீரைக் கரண்டியாற் கொடுத்தாளா, கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தாளா என்பதைக் காட்டாது. வருகையை அளப்பது எளிது என்பதற்காக, வருகையே பராமரிப்பு ஆகிவிடாது. ஆசிரியராகிய எமக்கு இது புதிதன்று. பாடக்குறிப்பேடு ஒழுங்காக இருந்தால் பாடம் நடந்தது என்று எழுதிச் செல்லும் பரிசோதகரை நாம் அறிவோம். குறிப்பேட்டை அழகாக எழுதுவதில் வல்லவர் யார் என்பதையும் அறிவோம்.

விதிக்கு அமைதல் வேறு, கடமையுணர்ந்து செய்தல் வேறு என்பதை ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1785இல் வெளியிட்ட நூலில் தெளிவாகப் பிரித்துக்காட்டினார். விவரமறியாத வாடிக்கையாளரிடமும் சரியான விலையையே வாங்கும் கடைக்காரரை அவர் உதாரணமாக எடுக்கிறார். அவர் செயல் கடமைக்கு ஒத்தது. ஆனால் வியாபாரம் கெடாதிருக்கவே அவ்வாறு செய்தாரெனின் கடமையாற் செய்தது ஆகாது. இப்பிரிவினை நுட்பமானது. ஆயினும் எமக்கு இங்கே கூடுதலாகப் பயன்படுவது அவருடைய இன்னொரு கருத்து. மனிதனைக் கட்டுப்படுத்தும் அறநெறி அவன் தானே தன் பகுத்தறிவால் விதித்துக்கொண்டதாய் இருத்தல் வேண்டும் என்கிறார். அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், விதிகள் இயற்றப்பட்ட எந்த அறையில் இப்பெண்கள் உட்கார்ந்திருந்தனர்?

அவர்கள் அங்கே இல்லாமையால் விளைவது என்ன என்பதற்கு ஒரு சிறு காரியத்தைக் கூறலாம். பல மாநிலங்களில் உதவியாளர் மருந்து கொடுத்தல் ஆகாது. மருந்தை எடுக்குமாறு நினைவூட்டலாம். மாத்திரையின் அபாயத்தை அறிந்தவர் இவ்விதியின் நியாயத்தை ஒப்புவர். ஆனால் கை நடுங்கும் ஒரு முதியவருக்குக் கண்ணில் இரண்டு துளி மருந்து விடவேண்டியுள்ளது. அவராற் சொட்ட முடியாது. விடாவிட்டால் பார்வை குன்றும். விட்டால் விதிமீறல்; வேலை போகலாம். அவள் என்ன செய்வாள்? சிலர் விதியின் பக்கம் நின்று, துளிமருந்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவர். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். சிலர் துளியை விட்டுவிட்டுப் படிவத்தில் நினைவூட்டினேன் என்று எழுதுவர். முன்னவரின் பதிவேடு மெய், செயல் குறை. பின்னவரின் செயல் நிறை, பதிவேடு பொய். மேற்பார்வைக்கு வரும் தாதி காண்பது பதிவேட்டை. கண் சிவந்திருந்தால், மருந்தால் வந்ததா, மருந்தின்மையால் வந்ததா என்பதை அவளால் அறியமுடியாது. உண்மை பேசுபவரைத் தண்டிக்கும் ஒழுங்குமுறை ஒன்று, தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறது. அவ்வுதவியாளருக்குத் துளிமருந்து விடப் பழக்கி, தாதியின் பொறுப்பில் அனுமதி கொடுத்தால் முடிகின்ற காரியம் இது. அதற்கு அவளை அறிவுடையவள் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டால் கூலியையும் உயர்த்தவேண்டிவரும்.

அன்பின் நிலை இதனினும் சிக்கலானது. குறித்த நேரம் முடிந்துவிட்டது. முதியவரோ பாதி உணவில் இருக்கிறார். எழுந்து செல்லும் கல்நெஞ்சு பலருக்கு வாய்ப்பதில்லை. கூலியின்றி இருந்து ஊட்டிவிட்டுப் போவர். இங்கிலாந்தில் 15 நிமிட வருகைகள் மலிந்து, அரைமணி நேரத்துக்குக் குறைந்த வருகை சில தனித்த நிலைமைகளுக்கே ஏற்றது என 2015இல் அந்நாட்டுத் தேசிய வழிகாட்டி நெறி கூறவேண்டிவந்தது. ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் நேரமும் வேலைநேரம் என்பது அங்குள்ள சட்டம். அதற்குக் கொடாத தாபனங்களும் உள்ளன. இக்கொடாமைகளையெல்லாம் ஈடுசெய்து சேவையை ஓடச்செய்வது பணியாளரின் அன்பே. அவர்கள் அனைவரும் ஒருநாள் விதிப்படி மட்டும், நிமிடம் தவறாது, வேலை செய்யத் தொடங்கினால் அத்தொழிற்றுறை மாலைக்குள் நின்றுவிடும். ஆகவே விதிமீறல் வேண்டாம் என்று முழங்கும் தாபனம், உள்ளூற இவ்வகை மீறலை நம்பியே வாழ்கிறது. அன்பை ஊக்கிப் போற்றும் சொற்பொழிவுகளை நான் ஐயத்தோடு கேட்பதற்குக் காரணம் இதுவே.

மாற்று வழி இல்லாமலில்லை. நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் 1985இல் தொடங்கப்பட்ட ஒரு பராமரிப்புக் கூட்டுறவு, பணியாளரையே உரிமையாளராக்கிச் சட்டம் கேட்பதிலும் கூடுதலான பயிற்சியை இலவசமாக அளித்து வந்துள்ளது. லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 1999இல் 74,000 வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் வாக்களித்துத் தொழிற்சங்கத்திற் சேர்ந்தனர். ஆலை வாயில் இல்லை, பொது உணவறை இல்லை, ஒருவர் முகம் ஒருவர் அறியார். சங்கத்தார் வீடுவீடாகச் சென்று சேர்த்த கூட்டம் அது. அதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்தது. பராமரிப்பைப் பெறும் உடற்குறையுற்றோரும் இதில் அவர்களோடு கைகோத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. தம்மைப் பராமரிப்பவள் மாதத்துக்கொருத்தியாய் மாறுவதால் துன்புறுவோர் அவர்கள்தாமே.

எமது நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. 2022இல் பிரித்தானியா பராமரிப்புப் பணியாளருக்கு வீசா வாயிலைத் திறந்தபோது சென்றவர்களுள் இலங்கையரும் இருந்தனர். அவ்வீசா ஒரு முதலாளியோடு பிணைந்தது. முறைப்பாடு செய்தால் வேலையோடு நாட்டிலிருக்கும் உரிமையும் ஆட்டங்காணும். 2025 ஜூலையில் அவ்வாயில் புதியவருக்கு மூடப்பட்டது. இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் இவ்வேலைக்கென எம் இளைஞர் செல்கின்றனர். அதற்கான மொழியையும் பராமரிப்பையும் இங்கே பயில்கின்றனர். எமது சொந்த வீட்டு வாசலும் தூய்மையானதன்று. 2016இல் இயற்றிய தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. கொழும்பு வீடுகளில் முதியோரின் படுக்கையருகே பாய்விரித்துக் கிடக்கும் மலையகப் பெண்களுக்கு, அமெரிக்கர் 1938இல் போட்ட வேலியை நாம் 78 ஆண்டுகள் கழித்துப் போட்டோம்.

அமெரிக்காவிலும் கதை முடியவில்லை. எவலின் கோக் அம்மையாரின் தோல்விக்குப் பின் 2013இல் பெற்ற திருத்தத்தை நீக்கி, தாபனப் பணியாளரை மீண்டும் துணையிருப்போராக்கும் யோசனையை 2025 ஜூலையில் தொழில் திணைக்களம் முன்வைத்தது. பராமரிப்பின் செலவைக் குறைப்பதற்காகவாம். வருகையைப் பதியும் கருவியை நீக்குவது பற்றி அந்த யோசனையில் ஒன்றும் இல்லை.